தலைவன் குரங்கும் பன்னீர்செல்வத்தின் டிரான்ஸ்ஃபரும்

தீவுக்கூட்டத்தின் கடைக்கோடியில், கப்பலில் இரண்டு நாள் போகவேண்டிய கேம்பல் பேக்கு மாற்றப்படக்கூடியவர்கள் பட்டியலில் தன் பெயரும் இருக்கிறது என்று தெரிந்தபோது பன்னீர்செல்வத்துக்குக் கோபம்கூட வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. வயது ஐம்பத்து மூன்று. லாங் ஐலண்டில் மூன்று வருஷம், கேம்பல் பேயில் ஏற்கெனவே இரண்டு தடவை. இன்னொரு தடவை போனால் அங்கே சிலையே வைத்துவிடுவார்கள்.

"திவ்யா ப்ளஸ் டூ. நீங்க போயிட்டா இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். பிள்ளைய எங்க வச்சுப் படிக்க வைக்கிறது?" என்றாள் மனைவி விஜயகுமாரி.

"தெரியலடி."

"என்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு?"

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் அவர்களுடையது மாடி வீடு. பால்கனியில் நின்றால் கடல் காற்று பிய்த்துக்கொண்டு போகும். கீழ்வீட்டு யோகராஜ் தினமும் சாயங்காலம் அங்கேதான் டீ குடிக்க வருவார். விலங்கியல் வாத்தியார். அவருக்கு மனிதன் தும்மினாலும் ஜீன், துணி துவைத்தாலும் பரிணாமம்.

"அண்ணே, ஆபீஸ்ங்கிறது ஒரு குரங்குக் கூட்டம். சாஹேப்தான் தலைவன் குரங்கு. நீங்க குனிஞ்சே நிக்கிறீங்க, அதான் தள்ளி விடறாரு. நேரா கண்ணைப் பாருங்க, இமைக்காதீங்க. பயம் அவர் ஜீன்லயே இருக்கு."

பன்னீர்செல்வம் மறுநாள் சாஹேப் முன்னால் போய் நின்று பார்த்தார். இமைக்காமல் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"க்யா ஹுவா, பன்னீர்ஜி?" என்ன ஆயிற்று என்று சாஹேப் பதறினார்.

பன்னீர்செல்வம் கண்ணைக்கூடத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பேசும்படி வாத்தியார் சொல்லவில்லையே! சாஹேப்புக்கு ஏதோ ஞாபகம் வந்தது. அடியில் கிடந்த ஒரு ஃபைலை உருவி மேலே வைத்துக்கொண்டார்.

"அப்ப அடங்கிப் போயிடுங்க. தோத்த குரங்கு தலைவனுக்குப் பேன் பார்க்கும்" என்றார் யோகராஜ், இரண்டாவது டீயோடு.

"அவருக்குத் தலையில மயிரே இல்லையே சார்."

"தோள்ல தூசு தட்டுங்கண்ணே. எல்லாம் ஒண்ணுதான்."

தட்டினார். தூசு இல்லை, ஆனாலும் தட்டினார். காலரில் ஒரு நூல் தெரிந்தது, பாசத்தோடு இழுத்தார். அது தையல் நூல். பாதிக் காலர் கையோடு வந்துவிட்டது.

"அரே, பாகல் ஹோ க்யா?"

பைத்தியமா என்றுதான் கேட்டார். ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"கடைசி வழி, சாப்பாட்டைப் பங்கு போடுறது. இது மட்டும் தோத்ததே இல்லண்ணே" என்றார் யோகராஜ்.

விஜயகுமாரி விடியற்காலையிலேயே மசாலா அரைத்து நண்டுக் குழம்பு வைத்தாள். கட்டிய புருஷனுக்கு அப்படி வைத்து வருஷக்கணக்காகிறது. பன்னீர்செல்வத்துக்கு அதுவும் ஒரு வருத்தம்.

சாஹேப்பின் மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்தார். வாசனை கிளம்பியது. ஒரு பெரிய நண்டுக்கால் சாஹேப்பை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் சாஹேப் விரதம், முட்டை வாங்கிய பையைக்கூடத் தொடமாட்டார். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பன்னீர்செல்வத்துக்கும் தெரியும். மூன்று நாளாகத் தூக்கமில்லாததில் கிழமை மறந்துபோயிற்று.

நாலு மணிக்கு ஆர்டர் வந்துவிட்டது. கொண்டுவந்தவள் தபால் எடுத்துப் போகும் ஒச்சம்மா. பன்னீர்செல்வம் பிரித்துப் படித்தார். கேம்பல் பேதான். திவ்யாவிடம் என்ன சொல்வது? அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார் பண்ணி வச்சீங்க?" என்றாள் ஒச்சம்மா. "லிஸ்ட்ல ஏழு பேரு. ஒருத்தரைத்தான் அனுப்பணும். யாரை அனுப்புறதுன்னு தெரியாம சாஹேப் ஃபைலை அடியில போட்டு வச்சிருந்தாரு. பேசாம இருந்திருந்தா உங்க நெனப்பே அவருக்கு வந்திருக்காதே!"

"நானாவா பண்ணினேன்? கீழ்வீட்டு யோகராஜ் சார்தாம்மா சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுஷன். என் குடும்பத்து மேல அவ்வளவு அக்கறை."

"யாரு, அந்தக் கண்ணாடி போட்ட வாத்தியாரா?"

"அவரேதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"குவார்ட்டர்ஸ் செக்‌ஷனுக்குத் தபால் கொண்டு போறப்ப பார்க்கிறேனே. மேல்வீடு எப்பக் காலியாகும்னு வாராவாரம் வந்து விசாரிச்சிட்டுப் போறது அவருதானே, சார்!"