மங்காத அட்டை எல்லாம் போலி

போலி அடையாள அட்டைகளை ஒழித்தே தீர வேண்டும் என்பதில் டோங்காவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நாட்டில் அப்போது ஒரு போலி அட்டைகூடக் கிடையாது என்பது வேறு விஷயம். கிடைக்காததால்தான் அது மிகவும் ஆபத்தானது என்று தேசிய அடையாள மெய்மைப் பணியகம் கருதியது.

ஆகவே புது அட்டை வந்தது. சாய்த்தால் திமிங்கலம் குதிக்கும். ஊதா விளக்கில் காட்டினால் தென்னை மரம் ஒளிரும். பெயர் ஒரு பக்கம் பார்த்தால் பச்சை, மறுபக்கம் பார்த்தால் பொன். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் அச்சடித்தார்கள். அங்கே அதைக் கொதிக்க வைத்தார்கள், உறைய வைத்தார்கள், மேலே லாரி ஏற்றினார்கள். அட்டை அசரவில்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் யார் தடவுகிறார்கள்?

டோங்காவின் வவாவு தீவில் எல்லோரும் தடவுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பினால் கழுத்து, கை, கால் எல்லாம் எண்ணெய் மினுமினுக்க வேண்டும். அந்தக் கையால் அட்டையை எடுத்து, அந்த மார்பிலேயே செருகிக்கொண்டார்கள். முதலில் திமிங்கலம் போனது. பிறகு முகம். கடைசியில் பெயர். சனங்கள் கையில் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் மிஞ்சியது.

முகமில்லாத அட்டையை வைத்துக்கொண்டு எந்தக் கவுன்ட்டரில் நிற்பது? டீ-சர்ட்டும் கல்யாணப் பத்திரிகையும் அச்சடிக்கிற பெனிசிமானியிடம் போனார்கள். அவன் அதே மாதிரி ஒன்றைக் காகிதத்தில் அடித்து, மேலே தடித்த பிளாஸ்டிக் உறை ஒட்டிக் கொடுத்தான். எண்ணெய் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். இப்படியாக நாட்டுக்கு முதல் போலி அட்டை கிடைத்தது. நாங்கள்தான் அப்போதே எச்சரித்தோமே என்று பணியகம் பெருமைப்பட்டுக்கொண்டது. கையோடு ஒரு சுற்றறிக்கையும் விட்டது: ‘அசல் அட்டையின் தலையாய பாதுகாப்பு அம்சம் மங்குதலே ஆகும். மங்காத அட்டைகள் யாவும் போலி எனக் கொள்ளப்படும்.’

இதில் மாட்டியவள் ஹெய்லாலா. அந்த வருசம்தான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள். ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போகும் குழுவில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விமானம். அதற்குள் அட்டையைச் சரிபார்த்து முத்திரை வாங்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளோ அட்டையை வாங்கின நாளே துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டாள். அது புத்தம் புதுசாக மின்னியது.

அவள் கவலைப்படவில்லை. சரிபார்ப்பு அதிகாரி வைனிகோலோ அவளுடைய தாய்மாமன். தங்கச்சி பெற்ற பிள்ளைக்கு அந்தத் தீவில் மாமனைவிடப் பெரிய இடம். அவர் கொல்லையில் இருக்கிற பன்றியைப் பிடித்துக்கொண்டு போகலாம், ஊர் வழக்கப்படி மரியாதைக்கு அவர் இடுப்பில் கட்டியிருக்கிற பாயைக்கூட அவிழ்த்துக்கொள்ளலாம். மாமன் வாய் திறக்கக் கூடாது.

வைனிகோலோ அட்டையைச் சாய்த்தார். திமிங்கலம் எம்பியது. அவர் முகம் தொங்கிப்போனது.

“குதிக்குதே தாயி.”

“குதிக்கணும்னுதான மாமா செஞ்சாங்க?”

“அசல்னா இந்நேரம் செத்துப் போயிருக்கும்.”

“இதே மேசையில நீங்கதான் எனக்கு எடுத்துக் குடுத்தீங்க. கீழ இருக்கறது உங்க கையெழுத்து.”

“அழிஞ்சிருந்தா என்னோடதுன்னு ஒத்துக்குவேன்.”

ஹெய்லாலாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. தான் அவருடைய தங்கச்சி மகள் என்றும், தனக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது என்றும் நேராகச் சொன்னாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

“தங்கச்சி மகளுக்கு நான் எதையும் மறுக்க மாட்டேன். ஆனா நீ தங்கச்சி மகதான்னு செல்லுபடியாகிற அட்டை சொல்லணும்ல?”

அதற்குள் அவள் அவருடைய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் கிழங்கைத் தின்னத் தொடங்கியிருந்தாள். அதை அவர் தடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு அட்டை தேவையில்லை.

கிழங்கை முடித்துவிட்டு வெளியே போனாள். வாசலில் பூ விற்கிறவளிடம் எண்ணெய் வாங்கி அட்டையை இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். பூட்டி வைத்த கோபமெல்லாம் சேர்த்துத் தேய்த்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே வந்து மேசையில் போட்டாள்.

வைனிகோலோ எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை வருட சேவையில் இவ்வளவு அசலான ஓர் அட்டையைத் தாம் கண்டதில்லை என்றார். முத்திரையைக் கையில் எடுத்தார். பிறகு நிதானித்தார்.

“அட்டை சரி. இது யாரோடதும்மா?”

அவள் வாய்க்கு வந்தது நல்ல வார்த்தையாக இல்லை.

இப்பேர்ப்பட்ட அட்டையைத் தனியார் கையில் விட முடியாது, தலைமையகத்துக்கு மாதிரியாக அனுப்ப வேண்டும் என்று அவர் அதை உறையில் போட்டு ஒட்டினார். ரசீது கேட்டாள். யார் பெயரில் போடுவது என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் மாமனாகக் குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். விமான நிலையத்தில் வெள்ளிக்கிழமை அவருக்குத்தான் வேலை. எல்லோரும் இரண்டு அட்டை கொண்டுவருகிறார்கள். அசல் என்று காட்ட வெள்ளை, ஆள் யார் என்று காட்டப் பெனிசிமானியுடையது. சேர்த்துப் பார்த்தால் ஆவணம் பூரணமாகிவிடும். முத்திரையும் அங்கேயே விழும்.

பெனிசிமானி கடையில் கூட்டம். பணியகத்து இயக்குநரின் டிரைவர் இயக்குநர் படத்தோடு அவளுக்கு முன்னால் நின்றார். அவள் முறை வந்ததும் முகம் போட்ட அட்டை சுடச்சுடக் கிடைத்தது. வெள்ளையும் ஒன்று வேண்டும் என்றாள். பெனிசிமானிக்கு மனசு வலித்துவிட்டது.

“அது அரசாங்க அட்டை. நான் அந்த மாதிரி ஆள் இல்ல.”

வீட்டுக்கு வந்து ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் கத்தரித்தாள். மூலைகளை வளைத்து வெட்டினாள். ஓர் ஓரத்தில் கம்பெனிச் சின்னமான பசு மாட்டின் பின்பாதி புடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வைனிகோலோ மூடியை விளக்கில் காட்டினார். நன்றாக ஒளிர்ந்தது. விரலால் தடவி மாட்டின் பின்பாதியைக் கண்டுபிடித்தார்.

“இதுல ரகசியக் குறி வேற இருக்கே. புது வரிசை போல.”

முத்திரை விழுந்தது. அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மனாசே. பழம் பறிக்க அவனுக்கும் இடம் கிடைத்திருந்தது. எண்ணெய் கொஞ்சமாகத் தடவுகிற ஆள். அவன் அட்டையில் திமிங்கலத்தில் வால் மட்டும் இன்னும் அழியாமல் ஆடிக்கொண்டிருந்தது. வைனிகோலோ அதைப் பறித்து வைத்துக்கொண்டு, போலி என்றார்.

“ஹெய்லாலா, நீயாவது சொல்லு. நான் யாரு?”

பிறந்ததிலிருந்து ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள். உண்மையை முகத்துக்கு நேரே சொல்லுவாள் என்று பெயர் வாங்கியவள் அவள். வாயைத் திறந்தால் மாமா அவளுடைய மூடியை மறுபடி வாங்கிப் பார்ப்பார்.

“எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு விமானத்தின் படியேறினாள்.

உள்ளே வெக்கை. குழுவில் எல்லோரும் வெள்ளை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் வெண்ணெய் டப்பா விளிம்பு தெரிந்தது. இன்னொன்றில் மாவு டப்பாவின் திருகு. அவர்களுடைய அட்டைகளும் மாதிரிக்காகத் தலைமையகம் போயிருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் குழுவிலேயே அசல் அட்டை கொண்டுவந்த ஒரே ஆள் வேலிக்கு வெளியே நின்று விமானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.