குட்டி போட்ட பாம்பும் தீயணைப்பு வண்டியும்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தில்தான் மனிசனுக்கு நம்பிக்கை அதிகம். பாம்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியதற்கு ஒரே காரணம், என் மாமா ஊரில் விஷக்கடி வைத்தியர். (அவர் வைத்தியம் பார்க்கும்போது பயத்தில் நான் ஒருநாளும் கிட்டப் போனதில்லை.)

எண்பதுகளில் சுவிஸில், பேர்ண் நகரத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். செஃப் நல்ல மனிதர். ஆனால் கடைக்கு மேலே இருந்த தன் வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பு வளர்த்தார். கோடை விடுமுறைக்குப் புறப்படும்போது வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார்.

"அமெரிக்கப் பாம்பு. நஞ்சில்லை. மண்புழுவும் மீன் துண்டும் போடு. வடிவாப் பார்த்தியெண்டால், வந்த உடன உன்னைச் சமையலுக்கு எடுக்கிறன்."

கறுப்பு உடம்பில் நீளமாக மஞ்சள் கோடுகள். சந்தனம் பூசிக் கோயிலுக்கு வெளிக்கிட்ட ஆள் மாதிரி இருந்தது. ஆனால் சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

"மீனைக் குடுத்துப் பாவத்தைத் தேடுறாய். வெள்ளிக்கிழமை, பால் வை" என்றார் என் அறைத் தோழர் குணம் அண்ணை. வைத்தோம். பாம்பு பாலுக்குள் இறங்கிக் குளித்துவிட்டு ஏறியது. துடைக்கத் தூக்கினேன், என் சேட்டில் ஒரு நாற்றத்தைப் பீய்ச்சியது. அந்தச் சேட்டை எறியவேண்டி வந்தது.

மறுநாள் காலை பார்த்தால், பெட்டி நிறையக் குட்டிகள்! நான் மூடியைச் சரியாகப் பூட்டாததில் சிலது அலுமாரிக்கு அடியில்.

"பாம்பு முட்டையல்லோ இடும்?" குணம் அண்ணை கதிரையில் ஏறி நின்றார்.

எனக்குள் இருந்த வைத்தியர் மாமாவின் மருமகன் விழித்துக்கொண்டான். "அண்ணை, குட்டி போட்டால் அது விரியன்!"

"செஃப் நஞ்சில்லையெண்டவர்?"

"அவருக்கென்ன தெரியும்? சூப் காய்ச்சிற ஆள்."

தீயணைப்புப் படைக்குப் போன் எடுத்து எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். "பாம்பு! நஞ்சு! நிறைய! கெதியா!" வண்டி ஊளையிட்டபடி வந்தது. கட்டடத்துச் சனம் இரவு உடுப்போடு தெருவில் நின்றது. தடித்த கையுறையோடு உள்ளே போன தீயணைப்பு வீரர், வெறுங்கையில் ஒரு குட்டியை ஏந்திக்கொண்டு வந்தார்.

"இந்தச் சாதி முட்டை இடாது. குட்டிதான் போடும். மண்புழுவுக்கு மட்டும்தான் ஆபத்து."

அவமானத்தில் நான் செத்தே போனேன். சமையல் வேலை போகட்டும், கோப்பையும் போச்சு, திரும்ப அகதி முகாம்தான் என்று நினைக்க அழுகை வந்தது.

செய்தி கேட்டுச் செஃப் பாதி விடுமுறையில் ஓடிவந்தார். குட்டிகளைப் பார்த்தார், பால் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். சொன்னபடி அடுப்படிக்கும் எடுத்தார். "நெருப்புப் பிடிச்சாலும் நீ போனைத் தொடக்கூடாது" என்பதுதான் நிபந்தனை.

பிறகு எனக்கு மகள் பிறந்தபோது பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த செஃப், தொட்டிலை எட்டிப் பார்த்து, "குட்டிதான் போட்டிருக்கு. தீயணைப்புக்குப் போன் அடிச்சிட்டானோ?" என்று என் மனைவியிடம் கேட்டார். அன்றைக்குத்தான் அவளுக்கு முழுக்கதையும் தெரியவந்தது.

போன மாதம் அதே மகளுக்குப் பிள்ளை கிடைக்கிற நேரம். ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே மனைவி என் கைத்தொலைபேசியைப் பறித்துத் தன் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினாள்.