தலை எண்ணும் வெள்ளியும் தலையாட்டும் பென்சிலும்

மில்வாக்கியின் வடக்குப் பக்கத்தில், திவாலாகி மூடிய ஒரு மெத்தைக் கடைக் கட்டடத்தில், ஒரு பென்சில் அருள்பாலித்துக் கொண்டிருந்தது. சாதாரணப் பென்சில்தான். மஞ்சள் நிறம், இரண்டாம் நம்பர், பின்னால் ரோஸ் ரப்பர். கடையில் பொட்டலமாக வாங்கினால் ஒரு டஜன் வரும். ஆனால் டாக்டர் பார்னபி ஸ்வோப்ஸ் அதைக் கறுப்பு நூலில் கட்டித் தொங்கவிட்ட நாளிலிருந்து, எங்கள் பேட்டைக்கு அதுதான் தெய்வம்.

எதில் டாக்டர் என்று கேட்காதீர்கள். நாங்களும் கேட்கவில்லை.

அவர் நடத்திய பள்ளிக்குக் கூர்முனை அகாடமி என்று பெயர். வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு பலகை: “மாநிலத் தேர்வில் முதலிடம்! அதே தெரு, அதே பிள்ளைகள், வேறு பென்சில்!” பிள்ளை எந்தத் தனியார் பள்ளியில் சேர்கிறதோ, அதன் படிப்புச் செலவை வவுச்சர் என்ற பெயரில் அரசாங்கமே அந்தப் பள்ளிக்குக் கட்டிவிடும். பெற்றோருக்குக் கைக்காசு செலவில்லை. அப்புறம் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? மூக்கு உறைந்து விழும் குளிரில், கம்பளிக்கு மேல் கம்பளி சுற்றிக்கொண்டு, சனம் தெருமுனை வரை வரிசையில் நின்றது.

பக்தி முற்றிய வீடுகளைச் சொல்லி மாளாது. தெய்வப் பென்சிலின் தம்பிமார்கள் என்று பள்ளியில் சில பென்சில்களை வைத்திருந்தார்கள். அவற்றின் சீவலை வாங்கிவந்து காலை ஓட்ஸ் கஞ்சியில் தூவிச் சாப்பிட்டார்கள். படுக்கும் முன் பிள்ளையின் நெற்றியில் ரப்பரால் தேய்த்தார்கள். மடமை அழியுமாம்! எதிர்வீட்டு வாண்டா தன் மகன் நெற்றியைத் தேய்த்த தேய்ப்பில் ஒரு பக்கப் புருவமே போய்விட்டது.

“மடமை போச்சா வாண்டா?” என்று கேட்டேன்.

“புருவம் போயிருக்குல்ல? உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்,” என்றாள்.

டாக்டரின் விஞ்ஞானம் இதுதான்: “மனுஷ மூளையில இருக்கிறது கார்பன். பென்சில்ல இருக்கிறதும் கார்பன். சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரனைத் தெரியாதா?”

பிள்ளையை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார். கண்களை இறுக மூடிக்கொள்வார். தலைக்கு மேல் பென்சிலைத் தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் பிள்ளை அறிவாளி, இங்கேயே படிக்கலாம். பக்கவாட்டில் ஆடினால், “இந்தப் பிள்ளையோட அலை நமக்கு ஒத்து வரலை,” என்று அன்றே அரசாங்கப் பொதுப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்.

பென்சிலுக்கு அமைதி வேண்டுமாம். மூச்சைக்கூட மெல்ல விட வேண்டும். “இருமல் இருக்கிறவங்க தயவுசெஞ்சு வெளிய நில்லுங்க. அலை கலைஞ்சிடும்,” என்பார். ஜனவரி மாத மில்வாக்கியில் இருமாதவன் பிணம்தான். ஆனாலும் கூட்டம் இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க நிற்கும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விதிவிலக்கு. பள்ளிச் செயலாளர் ஐடெல்லா கிரான்ஸ் அம்மாள். பாவம், நாள்பட்ட இருமல். வாண்டா அவளுக்குக் கோழி சூப்பெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்னொரு விசேஷமும் உண்டு. செப்டம்பரில் ஒரு வெள்ளி, ஜனவரியில் ஒரு வெள்ளி, எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் தலை எண்ணும். கூர்முனை அகாடமியில் அது திருவிழா. பிட்சா, பலூன், ஐஸ்கிரீம். காய்ச்சல்காரப் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிவருவார்கள். கால் முறிந்த பையனை டாக்டரே தோளில் சுமந்து வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு அவர் கண்ணுக்கு எல்லாப் பிள்ளைகளும் அறிவாளிகள்.

பென்சில் பக்கவாட்டில் ஆடுவது எப்போதும் அடுத்த திங்கட்கிழமைதான்.

அப்படி ஒரு திங்களில்தான் பக்கத்து வீட்டு வெர்லீனின் மகள் ஜெனோபியா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். பத்து வயது. கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவின் பின்பக்கம் வரை விடாமல் படிக்கிற பிள்ளை. அவளுக்குத் தேர்வில் ஒரே ஒரு சிக்கல். விடைத்தாளில் நிரப்ப வேண்டிய அந்தக் குட்டி வட்டங்களை, ஓரம் தாண்டாமல், உள்ளே வெள்ளை தெரியாமல், அழகாக நிரப்புவாள். பாதித் தாளை நிரப்புவதற்குள் மணி அடித்துவிடும். மாதிரித் தேர்வில் மார்க் சரிந்தது. பென்சில் பக்கவாட்டில் ஆடியது.

மறுநாள் நான் வெர்லீன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“எங்கடி உன் பென்சிலெல்லாம்?” என்று மகளைக் கேட்டாள் வெர்லீன்.

“குப்பையில போட்டுட்டேன்.”

“ஏன்டி?”

“என் தலையில ஒண்ணுமே இல்லன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா.” பிள்ளை அழக்கூட இல்லை. டப்பாவில் எழுதியிருந்ததையும் படிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வெர்லீனுக்கோ உடம்பே எரிந்தது. “ஒரு குச்சி என் பிள்ளைய முட்டாள்னு சொல்லுமா? பாத்துடறேன்,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அகாடமியில் பெரிய கூட்டம். வரும் வருஷத்துக்குப் பிள்ளை பிடிக்கும் நாள். வெர்லீன் என் காரில் ஏறும்போது மகளையும் கூட்டிக்கொண்டாள். வியாழக்கிழமைதோறும், பெரிய பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடக் கொண்டுபோகும் பையையும் தூக்கிக்கொண்டாள்.

“விளையாடவா போறோம்?”

“கிரான்ஸ் அம்மா பக்கத்துல உக்காரு. நான் கண்ணைக் காட்டினதும், உன் காரை நகராட்சிக்காரன் இழுத்துட்டுப் போறான்னு அவ காதுல சொல்லு. அப்புறம் வாயையே திறக்காத. முக்கியமா, இருமித் தொலைக்காத.”

எனக்கோ நெஞ்சு நிறையச் சளி. “ஏன்?” என்றேன். “நீ காரை ஓட்டு,” என்றாள்.

உள்ளே மேடை, நாற்காலி, நூலில் பென்சில். “பென்சிலுக்கு எல்லாம் தெரியும்!” என்று டாக்டர் கத்த, “எல்லாம் தெரியும்!” என்று கூட்டம் திருப்பிக் கத்தியது. வெர்லீன் எழுந்தாள்.

“டாக்டர், என் பொண்ணை இன்னொரு தடவை பாருங்க.”

“பென்சில் ஒரு தடவை சொன்னா சொன்னதும்மா.”

“எல்லாம் தெரிஞ்ச பென்சிலுக்கு இன்னொரு தடவை சொல்ல என்ன கஷ்டம்?”

“பாருங்க டாக்டர், தாய் மனசு!” என்று நாலு பேர் குரல் கொடுத்தார்கள். புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வந்த கூட்டம். முறைத்துக்கொள்ள முடியுமா? டாக்டர் பல்லைக் காட்டினார். கண்களை இறுக மூடினார். கூட்டம் வாயைப் பொத்தியது. வெர்லீன் எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

நான் கிரான்ஸ் அம்மாள் காதில் ஊதினேன்: “பச்சைக் கார் உங்களோடதா? பனி அள்ள இடைஞ்சலா இருக்குன்னு இழுத்துட்டுப் போறாங்க.”

எங்கள் ஊரில் கடவுள் வாசலில் நிற்கிறார் என்றால், வரட்டும் பார்க்கலாம் என்பார்கள். காரை இழுக்கிறார்கள் என்றால் யோசிக்கவே மாட்டார்கள். அம்மாள் கோட்டுகூட மாட்டாமல், பூனை மாதிரி சத்தமில்லாமல் வெளியே பாய்ந்தாள்.

வெர்லீன் பையைத் திறந்தாள். தலை அளவுக்கு இருந்த ரோஸ் நிறப் பௌலிங் பந்தை எடுத்து, மகளின் பழைய பள்ளி ஸ்வெட்டரைச் சுற்றி, நாற்காலியில் வைத்தாள். பக்கத்தில் நின்ற ஜெனோபியா கண்ணை அகல விரித்தாள். கூட்டமும்தான். ஆனால் எல்லார் வாயும் ஏற்கெனவே பொத்தியிருந்தது. மூடபக்தியிலும் இப்படி ஒரு சௌகரியம்.

“உக்காந்தாச்சு டாக்டர்,” என்றாள் வெர்லீன்.

பந்தின் தலைக்கு மேல் பென்சில் தொங்கியது. ஆடவில்லை. டாக்டர் காத்திருந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

“ரொம்ப ஆழமான பிள்ளை,” என்று முனகினார். “அலை மெதுவா வருது.”

இன்னும் காத்திருந்தார். பென்சில் தூக்கில் தொங்கியவன் போல் அசையாமல் நின்றது.

வெர்லீன் தொண்டையைச் செருமி, ஒரே ஒரு தடவை இருமினாள்.

பென்சில் சுற்றியது பாருங்கள்! ராட்டினம் தோற்றது. “அடடா! வட்டம்! இந்தத் தலைக்குள்ள ஒரு விஞ்ஞானி உக்காந்திருக்கா! போன தடவை குளிர்ல பென்சில் தடுமாறிடுச்சு!”

வெர்லீன் இரண்டு தடவை இருமினாள். பென்சில் சட்டென்று பக்கவாட்டுக்குத் திரும்பியது. “ஆனா... படிப்புல கவனம் பத்தாது. பொதுப் பள்ளிதான் சரி.”

ஒரு இருமல். “இல்லல்ல, திருந்திட்டா!”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அரை மணி நேரமாகத் தேக்கிய சளி வெடித்தது. என்னைத் தொடர்ந்து முன்வரிசை, அப்புறம் பின்வரிசை, கடைசியில் மண்டபமே இருமியது. வட்டம், பக்கம், வட்டம், பக்கம் என்று பென்சிலுக்குப் பேயே பிடித்துவிட்டது. “மேதை! மக்கு! மேதை! மக்கு!” என்று டாக்டர் கதறியதில் நூல் அறுந்து, பென்சில் தரையில் விழுந்து உருண்டது. அவர் கண்ணைத் திறந்தார்.

நாற்காலியில் ஸ்வெட்டர் போட்ட பந்து, மூன்று விரல் ஓட்டைகளால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பந்துலயும் கார்பன் இருக்கு!” என்றார் டாக்டர். அசாத்தியமான ஆள்.

“அப்ப பந்துக்கு சீட் உண்டா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். மண்டபம் அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிரான்ஸ் அம்மாள், தலையெல்லாம் பனியோடு ஓடிவந்தாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் இரண்டு தடவை இருமினாள். டாக்டரின் கை, பென்சில் இல்லாமலே, பக்கவாட்டில் ஆடியது.

வெர்லீன் மேடை ஏறினாள். “திங்கக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தப்ப இந்தக் கிரான்ஸ் அம்மா என்னை அரை மணி நேரம் திட்டினா. ஒரு இருமல் வரலை. பிள்ளைங்க தலைக்கு மேல பென்சில் வந்தா மட்டும் தொண்டையில முள்ளு. மாதிரித் தேர்வுல மார்க் வாங்கினவனுக்கு ஒரு இருமல், வாங்காதவனுக்கு ரெண்டு. அவ்வளவுதான் இவங்க விஞ்ஞானம்.”

“அப்ப அந்த முதலிடம்?” என்றாள் வாண்டா.

“குண்டானவங்களை எல்லாம் வெளிய தள்ளிட்டு, ஒல்லியானவங்களை மட்டும் எடை மெஷின்ல ஏத்தினா, எங்க ஊர்ல குண்டே இல்லன்னு பலகை வைக்கலாம். மாநிலத் தேர்வு வசந்தத்துலதான். தலை எண்ணுற வெள்ளி வரைக்கும் எல்லாப் பிள்ளையும் வேணும். தலைக்கு இவ்வளவுன்னு வவுச்சர் வருதுல்ல? எண்ணி முடிச்சா பணம் உறுதி, உடனே பென்சிலுக்கு ஞானம் வந்துடும். ஏன், அதுக்கு முந்தின வியாழக்கிழமை ஒருநாளாவது பக்கவாட்டுல ஆடியிருக்கா?”

ஆடியதில்லை. யாருக்குமே அது தோன்றியதும் இல்லை.

டாக்டர் பின்கதவைப் பார்த்தார். பின்கதவில் வாண்டா நின்றாள். புருவம் போன பையனைக் கையில் பிடித்திருந்தாள். “முதல்ல இதுக்குப் பதில் சொல்லுய்யா, படுபாவி!” என்றாள்.

அந்தக் கூச்சலில் ஜெனோபியாவை யாரும் கவனிக்கவில்லை. அவள் தரையில் கிடந்த பென்சிலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். கடிக்காது என்று தெரிந்ததும் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா, இதுல முனையே இல்ல.”

“உடைஞ்சுபோச்சா?”

“இல்லம்மா. இதை யாரும் சீவவே இல்ல. இது ஒரு எழுத்துகூட எழுதினதில்ல.” கொஞ்சம் யோசித்தாள். “நான் எவ்வளவு எழுதியிருக்கேன்!”

பெஞ்சுக்கடியில் கிடந்த பென்சில் சீவியைத் தேடி எடுத்து, தெய்வத்தை அதற்குள் விட்டு, கரகரவென்று சுற்றினாள். மஞ்சள் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. யாரும் குனிந்து பொறுக்கவில்லை. வெளிவந்த முனையால், அகாடமியின் விளம்பரத் தாளைத் திருப்பிப்போட்டு, தன் பெயரை எழுதினாள். ஓரம் தாண்டாமல், அழகாக, அவசரமே இல்லாமல்.

இத்தனை வருஷம், எழுதப் படிக்கத் தெரிந்த நாங்கள், ஒரு எழுத்துகூட எழுதாத குச்சியின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறோம். அட மனிதர்களே! பொத்துவதென்றால் வாயைப் பொத்துங்கள், குளிருக்காவது நல்லது. மூளையை ஏன் பொத்துகிறீர்கள்?