கதிரை அக்காவும் எங்கள் செயற்கைக்கோளும்

சண்டையை வைத்தே செயற்கைக்கோள் செய்யத் தெரிந்தவர் இந்த ஜொகூர் மாநிலத்திலேயே கதிரை அக்கா ஒருவர்தான். செனாயில் எங்கள் குழுத் தலைவி. இலங்கை வழிக் குடும்பம். நாங்கள் நாற்காலி என்பதை அவர் கதிரை என்பார். ஒரு நாளைக்கு நூறு தடவை என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மற்ற இடங்களில் ஒரு செயற்கைக்கோளை வரைய மாதக்கணக்கில் மின்னஞ்சல் பறக்கும். அக்கா எங்களை ஒரே அறையில் ஒரு வாரம் அடைத்துவிடுவார். பேட்டரிக்குச் சரவணன், ரேடியோவுக்கு நான், எடைக்குக் குணா, கேமராவுக்கு அக்காவே. ஒருவர் ஓர் எண்ணை மாற்றினால் எல்லார் கணினியிலும் மாறும். எடை மிஞ்சினால் சுவரில் இருக்கும் பெரிய திரை சிவக்கும். உடனே சண்டை மூளும்.

"ராத்திரி பகல் எந்நேரமும் ரேடியோ பேசணும் லா. பெரிய பேட்டரியா போடு" என்றேன்.

"அலமாக்! ஒன் ரேடியோவுக்கு செனாய் கரண்டு முழுசும் பத்தாதுடா" என்றான் சரவணன்.

"கதிரையை மாத்துங்கோ!"

அதுதான் அக்காவின் சட்டம். சண்டை போடுகிறவர்கள் இடம் மாறி, எதிராளிக்காக வாதாட வேண்டும். சரவணன் நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், "எவன்டா இவ்ளோ கரண்டு கேக்கறவன்?" என்று கத்தியது நான்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ஆனாலும் என் நாற்காலிக்குத் திரும்பியதும் பழையபடி ரேடியோ பாட்டுத்தான்.

திட்டத்தை எங்களிடம் கொடுத்த, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர், எல்லா வசதியும் வேண்டும் என்று அடம்பிடித்தார். அக்கா அவரையும் குணாவின் நாற்காலியில் உட்கார வைத்தார். சாப்பாட்டுக்கு முன்பே தாம் கேட்டதில் பாதியை டத்தோவே வெட்டிவிட்டார். குளுவாங்கில் ஒரு கல்யாணத்தில் சமையல்காரரையும் சம்பந்தியையும் அக்கா இடம் மாற்றி வைத்ததாகவும் கேள்வி. நான் நம்புகிறேன்.

வெள்ளி மாலைக்குள் திரை பச்சையாகாவிட்டால் திட்டமே இல்லை என்று டத்தோ சொல்லியிருந்தார். மாலையும் வந்தது, திரை சிவப்பாகவே இருந்தது. வெட்ட மிச்சமிருந்ததாகத் தோன்றியது அக்காவின் பெரிய கேமரா ஒன்றுதான். சொந்த ஊரான பாலோவில் வெள்ளம் வந்தபோது, நோயில் கிடந்த அம்மாவை எந்தச் சாலை வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் தவித்தவர் அவர். அந்தச் சாலையைக் காட்டத்தான் அந்தக் கேமரா.

அக்காவே எழுந்து குணாவோடு இடம் மாறினார். எண்களை வெகுநேரம் பார்த்தார்.

"கமரா பாரம்தான். சின்னதாக்குங்கோ."

ஆனால் கேமரா நாற்காலியில் இப்போது குணா! சட்டப்படி அவன் கேமராவுக்காக வாதாட வேண்டுமே!

"முடியாதுக்கா! சின்ன கேமராவுல பாலோ ரோடு தெரியவே தெரியாது. மொதல்ல அந்த ரேடியோவ வாய மூடச் சொல்லுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாரம் முழுக்கக் கட்டிக் காத்த என் பிடிவாதம் அங்கேயே கரைந்தது.

"சரிக்கா. வெயில் படும்போது மட்டும் பேசுறேன். பூமியோட நிழல்ல போறப்ப வாய மூடிக்கறேன்."

"அப்படின்னா பேட்டரி பாதி போதும், எடையும் கொறையும்!" என்று சரவணன் எண்ணைத் தட்டினான். திரை பச்சையானது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

செயற்கைக்கோள் இப்போது மேலே சுற்றுகிறது. அக்கா சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டார். பாலோ சாலை நூலாகத் தெரிந்த முதல் படத்தை அவருக்கு அனுப்பினேன். "ரோட்டைக் கண்டன். அம்மாவுக்கும் காட்டினன்" என்று பதில் வந்தது.

அவர் இடத்தில் இன்று வேறொருவர் இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அறையில் சண்டை மூண்டால் நாங்கள் யாரும் சொல்லாமலே எழுந்து இடம் மாறிக்கொள்கிறோம். அப்போதெல்லாம் எனக்கு அக்காவைத் தேடுகிறது.