மின்தடை நாள் பாட்காஸ்ட்

சோமனூர் வட்டாரத்திலேயே ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத மனிதன் கரண்டு ஒருவன்தான். விசைத்தறி மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். பெயர் நாங்கள் வைத்தது. பந்தியில் சோற்றை ஒரு வரிசையிலும் பாயசத்தை அடுத்த வரிசையிலும் சாப்பிடுவான். தாலி கட்டும்போது அவனை இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

அப்படிப்பட்டவன் போன வருடம் பாட்காஸ்ட் ஆரம்பித்தான். கூட்டாளிகள் மனம்விட்டுப் பேசுவதைப் போனில் பதிந்து ஊருக்கே அனுப்புவது. நூல் விலை, அரசியல், மழை மூன்றும் பேசக் கூடாது. எங்கள் ஊரில் தறிச் சத்தம் ஓய்வது பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தும்போதுதான். அன்று விடிந்ததும் மைக்கோடு வண்டியைக் கிளப்பிவிடுவான்.

சவரக்கடைக்காரர் ஒருவர், சவரத்துக்கு வந்தவரின் கழுத்தில் கத்தி வைத்திருந்தபோது அவரிடம் கேட்டான்: "ஏனுங்க, நீங்க கடைசியா எப்பங்க அழுதீங்க?"

கத்தி நின்றது. கடைக்காரர் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதி முகத்தில் நுரையோடு இருந்தவரும் சேர்ந்து அழுதார். அதை ஊரே கேட்டது.

நான் மட்டும் சிக்கவில்லை. இரண்டு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எல்லார்த்துக் கொரலும் போன்ல இருக்குது. உன்றது மட்டும் இல்லடா."

"எனக்குப் பேச என்னடா இருக்குது?"

"அதயே பேசு!"

எட்டு மாதம் துரத்தினான். ஒரு மின்தடை நாளில் என் தறிக்குடோனிலேயே உட்கார வைத்துவிட்டான். கூச்சத்தில் மைக்கைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தேன். சொல்ல வந்தது சின்ன விஷயம். என் மனைவி இறந்த பிறகு வீட்டுக்குப் போகவே பயந்த நாட்களில், "உங்க ஊட்டு மோட்டார ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்" என்று கரண்டு தினமும் வந்தான். எங்கள் மோட்டார் ஒரு நாளும் பழுதானதில்லை. அதைச் சொன்னேன். "அப்பறம்?", "அட சாமி!" என்று கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அரை மணி நேரம் அசையவில்லை.

மறுநாள், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்தான். எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் போனேன். என் காதருகே கத்தினான்.

"என்ற காது போச்சுடா! ரண்டு வருசமாவே மந்தம். வாயப் பாத்துத்தான் ஓட்டிட்டிருந்தேன். ஹெட்போன்ல முழுச் சத்தம் வெச்சாத்தான் உங்க கொரலெல்லாம் காதுல உழுகும். அதுக்குத்தான் இந்தப் பாட்காஸ்ட் கூத்தே. நேத்து உன்றதப் போட்டேன். என்ற கத்தல் மட்டும் கேக்குது. உன்றது ஒண்ணுமே இல்ல. பயத்துல மத்ததப் போட்டே பாக்கல."

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். "அப்பறம்?" என்றான் கரண்டு. நிசப்தம். "அட சாமி!" நிசப்தம்.

அப்போதுதான் புரிந்தது. தறி இரைச்சலில் கத்திப் பயனில்லை என்பதால் தறிக்காரர்கள் நாங்கள் குரலே எழுப்பாமல் உதட்டை அசைத்துத்தான் பேசுவோம். மைக்குக்குக் கூச்சப்பட்டு, அரை மணி நேரமும் நான் அப்படியே பேசியிருக்கிறேன். அவனும் உதட்டைப் பார்த்தே கேட்டிருக்கிறான்.

அதே உதட்டால் சொன்னேன்: "உன்ற காது போவலடா. நான்தான் பேசவே இல்ல!"

துள்ளி எழுந்தான். எழுத முடியாத நாலு வார்த்தை திட்டினான். "அப்ப இப்பப் பேசுடா!"

"தறி ஓடுதேடா..."

"ஓடட்டும்!" மைக்கை எடுத்து நீட்டினான்; வாயில் திணிக்காத குறை.

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "நீ வந்ததாலதான்டா நான் இன்னும் இருக்கறேன்!"

குடோனே திரும்பிப் பார்த்தது. கரண்டு ஹெட்போனை மாட்டிப் பதிவை ஓடவிட்டான். சுவர்ப் பக்கம் திரும்பி இன்னொரு முறை ஓடவிட்டுவிட்டு, மைக்கை மறுபடி நீட்டினான்.

"தறிச் சத்தம் சாஸ்தியா இருக்குது. இன்னொருக்காச் சொல்லு."

நன்றாகவே கேட்டிருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இன்னொரு முறை கத்தினேன்.