பொன்மழை நகருக்கு 'விடப்பட்ட' பேருந்து

உலகத்தில் எத்தனையோ அரசுகள் வாக்குறுதி கொடுத்திருக்கின்றன. அவற்றில் சில, வேறு வழியில்லாமல், அவற்றை நிறைவேற்றியும் தொலைத்திருக்கின்றன. ஆனால் கொடுத்த வாக்குறுதிகளுக்கு என்ன பொருள் என்று கண்டுபிடிக்க ஒரு தமிழ்ப் பேராசிரியரைச் சம்பளம் போட்டு அமர்த்திய அரசு, நிலவுலகில் இது ஒன்றுதான். மொழிப்பற்று என்றால் இதுவல்லவா மொழிப்பற்று!

அந்தப் பேராசிரியர் கோச்சடை மலையாண்டி. வாழ்நாளெல்லாம் இலக்கணம் நடத்தி, மாணவர்கள் தூங்குவதைப் பெரிதுபடுத்தாமல் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் அவரைத் தேடி வந்தவர் சிலிண்டர் போடுகிறவர் மட்டும்தான். ஆகவே, புதிய அரசின் 'வாக்குறுதி நிறைவு மதிப்பீட்டுக் குழு'வில் மொழியியல் உறுப்பினராகச் சேர முடியுமா என்று போன் வந்தபோது, மலையாண்டி எழுந்து நின்று பேசினார். பேசி முடித்தபின்பும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

குழுவின் செயலாளர் சூரியபிரகாஷ். இளைஞர், சுறுசுறுப்பானவர், கையில் எந்நேரமும் ஒரு டேப்லட். அதில் நிறைவேறிய வாக்குறுதி பச்சையாகவும், நடந்துகொண்டிருப்பது மஞ்சளாகவும் ஒளிரும். நிறைவேறாததற்குச் சிவப்பு என்றுதான் முதலில் இருந்தது. சிவப்பைப் பார்த்தால் மேலிடத்துக்குத் தலை சுற்றுகிறது என்பதால், மனிதாபிமான அடிப்படையில் அதை 'அடர் மஞ்சள்' ஆக்கியிருந்தார்.

முதல் கூட்டமே வரலாற்றுச் சிறப்பு மிக்கது.

"ஐயா, 'ஊழல் செய்தவர்களை விடமாட்டோம்'னு சொல்லியிருக்கு," என்றார் சூரியபிரகாஷ்.

"விட்டாச்சா?"

"இல்லைங்கய்யா. அம்புட்டுப் பேரையும் நம்ம கட்சியிலயே சேத்து வச்சிருக்கோம்."

"விடலேல்ல? பச்சை போடுங்க."

"அடுத்தது, 'இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பை உருவாக்குவோம்.'"

"உருவாக்குவோம்னா, உருவம் வந்தாப் போதும். ஏதாவது உருவம் வந்திருக்கா?"

"வேலைவாய்ப்பு முகாம்னு பெரிய பேனர் வச்சோம். அதுல தலைவர் உருவம் இருக்குங்கய்யா."

"தாராளமாப் போதும்."

இப்படியே பச்சை பரவி, டேப்லட் நாற்றங்கால் போல ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றே ஒன்று மிச்சம். ஆனையூரைத் தாண்டி, கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த பொன்மழை நகர். 'பொன்மழை நகருக்குக் காலையில் பேருந்து விடப்படும்.'

"இது கஷ்டம்யா," என்றார் சூரியபிரகாஷ். "ஒரு பஸ்ஸும் போகல."

மலையாண்டி கண்ணை மூடினார். "அந்த ஊர்க்காரங்க இப்ப என்ன செய்றாங்க?"

"மெயின் ரோட்டுக்கு நடந்து வாராங்க. வந்து சேர்றதுக்குள்ள பஸ்ஸு போயிருது."

"போயிட்டா என்ன சொல்லுவாங்க?"

"பஸ்ஸ விட்டுட்டோம்னு சொல்லுவாங்க."

"அப்ப பஸ் விடப்பட்டதா, இல்லையா?"

சூரியபிரகாஷின் கண்களில் நீர் துளிர்த்தது. "தினமும் விடப்படுதுங்கய்யா!" என்று தழுதழுத்து, தன் கையாலேயே அதைப் பச்சையாக்கினார்.

பச்சையானால் விழா எடுப்பதுதானே முறை? நகரத்துக்குள், ஆற்றுக்குத் தெற்கே ஒரு மண்டபத்தில் ஓராண்டு நிறைவு விழா ஏற்பாடாயிற்று. பேருந்து 'பெற்ற' பொன்மழை நகர்ப் பயனாளிகள் மேடையேறி நன்றி சொல்ல வேண்டும். அவர்களை அழைத்து வருவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. பேருந்தில்தான் என்று முடிவாயிற்று. இதில் முரண் ஏதும் இருப்பதாகக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

விழா நாள் காலையில் 'சிறப்பு' என்ற பலகையோடு ஒரு பேருந்து கண்மாய்க்கரையில் ஆடி ஆடிப் போய் நின்றது. ஓட்டுநர் பால்பாண்டி. முன் சீட்டிலிருந்து மடிப்புக் கலையாத வேட்டியோடு மலையாண்டி இறங்கினார். பொன்மழை நகரில் இருந்தவர்கள், பெற்றோர் காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது அங்கே கொத்தனார் உண்டு, எலெக்ட்ரீஷியன் உண்டு, காலேஜ் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ரோடுதான் இன்னும் கூலிக்காலத்து ரோடாகவே இருந்தது.

கூட்டத்திலிருந்து தங்கப்பொண்ணு என்ற பெண் முன்னால் வந்தாள். "எதுக்குய்யா விழா?"

"உங்க ஊருக்குப் பஸ் விட்டதுக்கு நன்றி சொல்றதுக்கு, தாயி."

"எந்தப் பஸ்ஸு?"

மலையாண்டி பொறுமையாக விளக்கினார். பெயர்ச்சொல், வினைச்சொல், செயப்பாட்டுவினை எல்லாம் வந்தன. தங்கப்பொண்ணு கடைசிவரை கேட்டாள்.

"அப்ப நாங்க வெயில்ல ஓடி ஓடிப் பஸ்ஸ விட்டதெல்லாம் கவருமெண்டு சாதனையில ஏறிருச்சு?"

"ஏறிடுச்சு தாயி."

"நாங்கதான் இன்னும் ஏறல," என்று சொல்லிவிட்டு அவள் பேருந்தில் ஏறினாள். துண்டைப் போர்த்திய தன் கணவனையும் கைத்தாங்கலாக ஏற்றினாள். பின்னாலேயே ஊரே ஏறியது. மல்லிகைப்பூக் கூடைகளும் ஏறின.

"பூ எதுக்கு?" என்றார் மலையாண்டி.

"விழான்னீகளே!" என்றது ஒரு குரல். மலையாண்டி மனம் நெகிழ்ந்தார்.

ஆனையூரைத் தாண்டுகிறவரை அவர் கைதட்டலுக்கு ஒத்திகை நடத்தினார். 'வளர்ச்சி' என்றால் மெதுவாக, 'புரட்சி' என்றால் பலமாக. கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது, தங்கப்பொண்ணு எழுந்து டிரைவரிடம் போனாள்.

"டிரைவர் அண்ணே, பெரியாஸ்பத்திரி வாசல்ல செத்த நிப்பாட்டுங்க."

மலையாண்டி பதறினார். "இது விழா வண்டிம்மா! இடையில நிக்கக் கூடாது."

"இவருக்குக் கிட்னி கெட்டுப்போச்சுய்யா. இன்னிக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளு. போன தடவ பஸ்ஸ விட்டுட்டு, ஆட்டோவும் கெடைக்காம, கூட்டிட்டுப் போக முடியல. காலப் பாருங்க."

மலையாண்டி பார்த்தார். செருப்புக்குள் போகாத அளவுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. அந்த மனிதர் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். 'விடுதல்' என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது பேராசிரியருக்கு அதுவரை தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பால்பாண்டி வண்டியை ஓரங்கட்டினார். "கை காட்டுனா நிப்பாட்டித்தான் சார் எனக்குப் பழக்கம்," என்றார்.

அவர்கள் இறங்கியதும் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் பவதாரிணி. கையில் ஹால் டிக்கெட்.

"தாத்தா, எனக்குக் காலேஜ் வாசல். ரெண்டு பரிச்சைக்கு லேட்டாப் போயி உள்ளயே விடல. இதும் போச்சுன்னா வீட்டுல படிப்ப நிப்பாட்டிருவாக." அவள் டிரைவரைப் பார்க்கவில்லை, மலையாண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலையாண்டி டிரைவர் பக்கம் திரும்பினார். "நிப்பாட்டுப்பா," என்றார். சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

அதன்பின் அவர் சந்தேகப்படவில்லை. ஒவ்வொரு நிறுத்தமாக அவரே குரல் கொடுத்தார். கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு பாட்டையா. மில் வேலைக்கு நாலு பெண்கள். பாலம் தாண்டியதும், பூச்சந்தை வாசலில் பூக்கூடைகள் இறங்கின. கடைசிக் கூடைக்கு அவரே ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்தார். வேட்டி மடிப்புக் கலைந்தது.

மண்டப வாசலில் பேண்டு வாத்தியம் முழங்க, சூரியபிரகாஷ் மாலையோடு ஓடி வந்தார். பேருந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, பயனாளிக எங்க?"

"பயன் அடையப் போயிருக்காங்க," என்றார் மலையாண்டி.

விழா குறைவில்லாமல் நடந்தது. பந்தல் போட வந்தவர்களை மேடையேற்றி, பொன்மழை நகர் சார்பில் நன்றி சொல்ல வைத்தார்கள். பந்தல்காரர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு அழுதேவிட்டார்.

மறுநாள் மலையாண்டிக்கு அவசர அழைப்பு. விழா வண்டியை வழியெல்லாம் நிறுத்தியதற்காகப் பால்பாண்டி மீது குற்றச்சாட்டு எழுத வேண்டுமாம்.

"ரெண்டு அர்த்தம் வராம இருக்கணும்யா. கோர்ட்டுல நிக்கணும்," என்றார் சூரியபிரகாஷ்.

மலையாண்டி வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி ஓட்டுநர், பொன்மழை நகர் மக்களைப் பேருந்தில் ஏற்றி, அவரவர் போக வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டார். நிறுத்தச் சொன்னவன் நான்.' அவர் வாழ்க்கையில் உரை தேவைப்படாமல் எழுதிய முதல் இரண்டு வாக்கியங்கள் அவைதாம்.

சூரியபிரகாஷ் இரண்டு தடவை படித்தார். "இதுல குத்தம் எங்கய்யா இருக்கு?"

"அதத்தான் நானும் தேடுறேன்."

சூரியபிரகாஷ் அதிகம் தேடவில்லை. இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, முதல் வாக்கியத்தை அப்படியே மேலே அனுப்பிவைத்தார். மேலிடம் அதைப் படித்துத் திடுக்கிட்டது. சாயங்காலத்துக்குள் பால்பாண்டி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

ஓராண்டில் ஒரே ஒரு வாக்குறுதி, ஒரே ஒரு காலை, உண்மையாகவே நிறைவேறியிருக்கிறது. அதற்குக் காரணமானவர்மீது மறுநாளே நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். இந்த அரசு மெத்தனமாக இருக்கிறது என்று இனி யாரும் வாய் கூசாமல் சொல்ல முடியுமா?