வெட்டு மெசின் கதைச்ச சீனம்

நேற்று எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டு. வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோறது.

நான் சீனாவில சீனவியலில ஆய்வு முதுமாணி செய்யிறன். பழைய சீனக் கவிதையளில வாற நிலாதான் என்ர ஆய்வு. லீவுக்குக் கிளிநொச்சிக்கு வந்தா, கையில பிளாஸ்க்.

"வழியில வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்காம கெதியாப் போ" எண்டா அம்மா.

போனன். நெல்லு வெட்டுற மெசின் நடுவயலில அசையாம நிக்குது. பாதி வயல் வெட்டினபடி, பாதி அப்பிடியே. இரணைமடுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருது. அப்பா தலையில கை வைச்சுக்கொண்டு வரம்பில குந்தியிருக்கிறார்.

"என்னப்பா?"

"நிண்டிட்டுதம்மா. ஏதோ சொல்லுது, ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

உண்மைதான்! சீனாவில செய்த மெசின். உள்ளுக்கிருந்து ஒரு பொம்பிளைக் குரல் திருப்பித் திருப்பி என்னவோ சொல்லுது. டிரைவர் ரஞ்சன் அண்ணை முழிக்கிறார். "மெசின் எனக்குப் புதுசு தங்கச்சி. மீற்றர் முள்ளு ஒண்டும் வேலை செய்யேல்ல" எண்டார்.

அப்பா எழும்பினார். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ! என்ர மகள் சீனம் படிக்கிறா!"

மூட்டை கட்டுற ஆக்கள், பக்கத்து வயல் ராசாத்தி மாமி எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டிட்டினம். என்ர ஆய்வில இவ்வளவு பேர் அக்கறை காட்டினது இதுதான் முதல்தரம். ஸ்டேட்டஸ் போடலாம் எண்டு அந்தக் குரலைப் போனில பதிவும் செய்தன்.

"ச்சிங் ஜியாயோ."

விளங்கீட்டுது! எனக்கு! வரம்பில துள்ளினன்.

என்னை மேற்பார்வை செய்யிற மேடம் ஒவ்வொரு மெசேஜின்ர முடிவிலயும் 'ஜியாயோ' எண்டு எழுதுவா. 'மனம் தளராத, விடாம முயற்சி செய்' எண்டு அர்த்தம்.

"மெசின் எங்களை உற்சாகப்படுத்துது" எண்டன்.



"மெசினோ?" எண்டா ராசாத்தி மாமி.

"ஓம் மாமி. தயவுசெய்து விடாம முயற்சி செய்யுங்கோ எண்டுது. அது அவையின்ர பண்பாடு." பிறகு சீனப் பண்பாட்டைப் பற்றி ஒரு விரிவுரையும் வைச்சன். நல்ல விரிவுரை.

"எவ்வளவு மரியாதையான மெசின்!" எண்டு மாமி உருகிப்போனா.

ரஞ்சன் அண்ணை சாவியைத் திருப்பினார். "ஜியாயோ!" எண்டுது மெசின். திரும்பவும் திருப்பினார். "ஜியாயோ!" எண்டு இப்ப சனமும் சேர்ந்து கத்துது. அப்பா கைதட்டுறார்! திருப்பத் திருப்ப அந்தப் பொம்பிளையின்ர குரல் இழுபட்டு, தடிச்சு, ஆம்பிளைக் குரலாகி, அடங்கீட்டுது.

"பற்றறி இறங்கிப்போட்டுது" எண்டார் ரஞ்சன் அண்ணை.

இடி முழங்கிச்சுது.

குளக்கட்டுக்கு ஓடினன். அங்கதான் சிக்னல். பதிவை மேடத்துக்கு அனுப்பி, "ஆய்வு சம்பந்தமா ஒரு சின்னச் சந்தேகம்" எண்டு எழுதினன்.

உடன பதில் வந்துது. "தயவுசெய்து எண்ணெய் அடியுங்கோ எண்டு சொல்லுது. அந்தச் சொல்லின்ர நேர் அர்த்தம் அதுதானே!"

திரும்பி வயலுக்கு ஓடினன்.

"அப்பா, டீசல் முடிஞ்சுதாம்."

அப்பா என்னைப் பாத்தார். "அப்ப முயற்சி?"

"ரெண்டுக்கும் ஒரே சொல்லப்பா."

ரஞ்சன் அண்ணை டீசல் வாங்கக் கானோட மோட்டச்சைக்கிளில பறந்தார். மாமி தன்ர உழவு மெசின் பற்றறியைக் கழட்டித் தந்தா, சிரிச்சுச் சிரிச்சு. கடைசி வரிசை வெட்டி முடிய, மூட்டையளுக்கு மேல படங்கை இழுத்து மூட, மழை கொட்டிச்சுது. ஒரு நெல்லும் நனையேல்ல. நான்தான் தெப்பமா நனைஞ்சன்.

பின்னேரம் மேடம் ஆர்வமா இன்னொரு மெசேஜ் போட்டிருந்தா. "உங்கட ஊரில இந்த மெசினுகள் சொல்லுறதை ஆர் மொழிபெயர்க்கிறவை?"

"இன்னும் ஒருத்தரும் கிடைக்கேல்ல மேடம்" எண்டு பதில் போட்டன்.